மைனா விடுதல்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

ஃபோன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதமென்றால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பா இறந்த அன்று பார்த்துக்கொண்டோம், பேசிக்கொள்ளவில்லை. நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நான் இன்னும் அகராதி அலுவலகத்தில்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டு இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது. துணையாசிரியர். ஜன்னலோரம் ஒரு மேஜை, நான்கு அலமாரி நிறையச் சொல் சீட்டுகள், அசைந்தால் கிறீச்சிடுகிற ஒரு நாற்காலி. மூன்றாம் பதிப்புக்காகப் பேச்சு வழக்கில் புதிதாக வந்த சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குச் சொல் சேகரித்துத் தருகிற ஓர் அம்மாள் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பஸ்ஸிலோ கோர்ட் வராந்தாவிலோ புதுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், கையகல அட்டையில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். போன வாரம் அவர் கொண்டுவந்த கட்டில் ஒரே சொல்லுக்குப் பதினோரு சீட்டுகள் இருந்தன. 'மைனா விடு.'

அந்தக் கேலி ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே செத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. கல்லூரி விடுதியில் சொல்கிறார்கள். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருக்கிறது. நாலு பேர் கூடின இடத்தில் பேசக் கூடாததைப் பேசி மானத்தை வாங்கினால், "மைனா விட்டுட்டான்" என்கிறார்கள். எங்கள் முதன்மையாசிரியர் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "பதினோரு சான்று இருக்கே, சேத்துடலாம். எங்கேர்ந்து வந்ததாம்?" என்று கேட்டார். "பறவைலேர்ந்துதான் சார். மைனா சும்மா கத்திட்டே இருக்குமில்ல" என்றேன். தலையாட்டிவிட்டார்.

நான் எழுதிக் கொடுத்த பதிவு இது:

மைனா விடு (வினை, பேச்சு வழக்கு): சபை அறியாமல் உளறிச் சங்கடம் உண்டாக்குதல். [பறவையின் பெயரிலிருந்து.]

ஆனால் டீச்சருக்குப் பறவை பிடிக்கவில்லை. யாரோ ஒரு பழைய கம்பவுண்டர் அவரிடம், "அது ஒரு ஆஸ்பத்திரி டெலிஃபோன் பொண்ணோட பேரு" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு உன் ஊர் வரைக்கும் விசாரித்துவிட்டார். உன்னைத் தேடி வரக்கூடும். வந்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். ஆறிப்போன புண்ணைக் கீறி யாருக்கு என்ன ஆகப் போகிறது?

அண்ணன்


மார்ச் 11

அகராதித் துணையாசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் எழுத்தே தெரியவில்லை.

என் நல்லதுக்குத்தான் என்கிறீர்கள். என் நல்லதுக்காக நீங்கள் கடைசியாகச் செய்த காரியம்தான் இன்று அகராதியில் ஏறப் போகிறது. இன்னொரு நல்லதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை, விட்டுவிடுங்கள்.

நான் இங்கே பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறேன். ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று நாள் முழுக்கச் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு கண்டக்டர் இன்னொருவரிடம் என் அறை வாசலில் வைத்துச் சொன்னார்: "டேய், மேனேஜர் முன்னாடி மைனா விட்டுத் தொலைக்காதடா." அவருக்கு என்னைத் தெரியாது. என் பழைய ஊர் தெரியாது. எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்த இடத்தில், எனக்கு முன்னால் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கிருந்து வந்தது என்று உங்கள் முதன்மையாசிரியர் கேட்டாராமே. நான் சொல்கிறேன், சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், நான்கு மாடி ஆஸ்பத்திரி. அங்கே டெலிஃபோன் போர்டில் நான். எழுத்துப் பிரிவில் நீங்கள். லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் இருந்த சின்ன ஃபோனில் என்னைக் கூப்பிடுவார். "அம்மா, மேல கம்பிக் கயிறு பிரிஞ்சிட்டு வருது. பெரிய சார்கிட்ட குடுங்க." கண்காணிப்பாளருக்கு இணைப்புக் கொடுப்பேன். நேரத்தையும் விஷயத்தையும் போர்டு நோட்டில் எழுதுவேன், அது விதி. மூன்று வாரத்தில் ஏழு தடவை. ஏழாவது தடவைக்கு அடுத்த நாள் லிஃப்ட் அறுந்து விழுந்தது. நல்லவேளை, நோயாளியை அப்போதுதான் இறக்கிவிட்டிருந்தார். அவர் ஒருவர்தான் உள்ளே.

ஐந்தாம் நாள் இரங்கல் கூட்டம். கண்காணிப்பாளர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். அவர் உழைப்பாளி, அவர் சிரித்த முகம், எல்லாம் படித்தார். பிறகு, "அவருடைய சிறு கவனக்குறைவால் அவரையே நாம் இழந்துவிட்டோம்" என்று படித்தார். முன் வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். "சார், அவர் ஏழு தடவை ஃபோன் பண்ணாரு. நான்தான் கனெக்‌ஷன் குடுத்தேன். நீங்கதான் எடுத்தீங்க" என்றேன்.

அப்போது நீங்கள் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தீர்கள். "மன்னிச்சுடுங்க சார். இது எங்க வீட்டு மைனா. எங்க எதைப் பேசறதுன்னு தெரியாது, சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்றீர்கள். யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். இரங்கல் கூட்டத்தில்!

மறுநாள் நோட்டைக் காணோம். அடுத்த வாரம் என்னைத் துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வராந்தாவில் நடந்தால், "மைனா விடாதே" என்று பின்னாலிருந்து குரல் வரும். லிஃப்ட்காரரின் கோப்பில் கவனக்குறைவு என்ற சொல் ஏறியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. பறவை விளக்கமும் தப்பு. எனக்கு மைனா என்று பேர் வைத்தது அப்பா. வீட்டில் யார் என்ன சொன்னாலும் ஓர் எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்வேன் என்பதால். வளர்ப்பு மைனா தானாக எதையும் கற்பனை செய்யாது, கேட்டதைத்தான் சொல்லும். பறவையிடம் விசாரித்திருந்தால் அதுவே உங்களைத் திருத்தியிருக்கும்.

டீச்சர் வரட்டும். எதையும் மறைக்க மாட்டேன்.

பேருந்து நிலைய அறிவிப்பாளர்


மார்ச் 19

தங்கைக்கு,

'அவர்களுக்கு' என்று எழுதிவிட்டாய். வாழ்நாளில் நீ என்னை நீங்கள் என்று சொன்னதில்லை. நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

நடந்தது நீ எழுதியபடியேதான். ஒரு வரி கூட மறுக்க மாட்டேன். ஆனால் நீ விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ எழுந்து நின்றபோது கண்காணிப்பாளர் முகம் எப்படி ஆயிற்று என்று நீ பார்க்கவில்லை, நான் பக்கத்தில் நின்றேன். அப்பா அன்று மூன்றாம் மாடியில் ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாளாகப் படுத்திருந்தார். நாம் இரண்டு பேரும் அங்கே வேலை பார்ப்பதால்தான் அந்தப் படுக்கையே கிடைத்தது. உன்னை அங்கேயே வேலையை விட்டு எடுத்திருப்பார்கள். பைத்தியக்காரி என்றோ பொய்க்காரி என்றோ சொல்லியிருப்பார்கள். அதைவிட அசடு என்பது மேல் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அசடை மன்னிப்பார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

அது ஊர் ஊராகப் பறக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அகராதியைப் பொறுத்தவரை நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அகராதி நீதிமன்றமில்லை. ஒரு சொல்லுக்கு மக்கள் இன்று என்ன பொருள் கொள்கிறார்களோ அதைத்தான் எழுத முடியும். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது. இன்று உன்னைப் பார்த்து யாராவது நாற்றம் என்றால் செருப்பைத் தூக்குவாய். பழைய பொருளைச் சொல்லி அவன் தப்பிக்க முடியுமா? அப்படித்தான் இதுவும். மைனா விடுதல் என்றால் இன்று உளறுவது. நான் என்ன செய்ய?

டீச்சரிடம் கொஞ்சம் பார்த்துப் பேசு.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்தால் சண்டை போட வரமாட்டேன் என்கிறது.

அப்பாவுக்காகப் பயந்தேன் என்கிறாய். அப்பாவை ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் வைத்து எந்த லிஃப்டில் கொண்டுபோனார்கள்? திரும்ப மூன்றாம் மாடிக்கு எதில் கொண்டுவந்தார்கள்? அந்தக் கயிறு ஒரு நாள் முன்னால் அறுந்திருந்தால் நாம் இன்னொரு இரங்கல் கூட்டத்துக்கும் போயிருப்போம். அப்பாவுடைய சிறு கவனக்குறைவு என்று அதற்கும் நீ ஒரு தாள் எழுதிக் கொடுத்திருப்பாய். ஏனென்றால் அந்தத் தாளை எழுதியது நீதான். கண்காணிப்பாளருக்குச் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் எழுத வராது என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். போன கடிதத்தில் அதை மட்டும் நாகரிகமாக விட்டுவிட்டேன்.

உளறுவது என்று பொருள் எழுதியிருக்கிறாயே, உளறலுக்கு ஏற்கெனவே உளறல் என்ற வார்த்தை இருக்கிறது. வாய் தவறியது என்று இருக்கிறது. அசட்டுப்பிசட்டென்று என்று இருக்கிறது. இத்தனை இருக்கும்போது ஜனங்கள் எதற்குப் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் கைமாற்றிக்கொண்டு வருகிறார்கள்? வேறு எதையோ சொல்ல அது தேவைப்பட்டிருக்கிறது. இது அகராதிக்காரனுக்குத் தோன்ற வேண்டிய சந்தேகம், பஸ் ஸ்டாண்டில் கத்துகிறவளுக்குத் தோன்றுகிறது.

அந்தப் பதினோரு சீட்டுகளையும் ஓர் எழுத்து விடாமல் படி எடுத்து அனுப்பு. மக்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 3

தங்கைக்கு,

சீட்டுகளின் படி தனியாக வைத்திருக்கிறேன். பிரித்துப் படிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனபின் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதல் சீட்டு, ஒரு ஆட்டோக்காரர் சொன்னது: "புது வீட்டைப் பாக்கப் போனோம். எல்லாரும் அருமை அருமைங்கறாங்க. என் மச்சான், 'சுவத்துல விரல் போற அளவுக்கு விரிசல் இருக்கே'ன்னு மைனா விட்டுட்டான்." இரண்டாவது, கோர்ட் வராந்தாவில் ஒரு குமாஸ்தா: "நம்ம ஜூனியர் கட்சிக்காரர் முன்னாடியே, 'சார் இன்னும் கேஸ் கட்டைப் பிரிக்கவே இல்ல, அதான் வாய்தா வாங்குனாரு'ன்னு மைனா விட்டுச்சு." இன்னொன்று ஒரு குடும்பத் தலைவி: "மாமியாருக்குக் காது மந்தம்னு வீட்ல யாரும் வெளிய சொல்லிக்க மாட்டோம். புது மருமக வந்த மொத நாளே, 'அத்தைக்குக் காது கேக்கல, டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னு மைனா விட்டா பாருங்க!" விளையாட்டுப் பக்கத்தில் வந்தது, கேப்டனுக்கு முழங்காலில் அடி என்று நிருபர்களிடம் சொல்லிவிட்ட ஒரு கோல் கீப்பரைப் பற்றி.

மார்ச் மாதம் இதையெல்லாம் படித்துச் சிரித்தவன்தான் நான். அப்போது சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. நேற்று திருப்பினேன். டீச்சர் பென்சிலில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கு டீச்சரல்லவா, விடையைச் சரிபார்க்காமல் விடமாட்டார் போலிருக்கிறது. 'போய்ப் பார்த்தேன். விரிசல் இருக்கிறது. இரண்டு இடத்தில்.' 'வழக்கு நான்கு முறை வாய்தா. கட்டு பிரிக்கப்படவில்லை, உண்மை.' 'மாமியார் இப்போது மெஷின் வைத்திருக்கிறார். மருமகள் மேல் பிரியம்.' 'கேப்டனுக்கு மறுவாரம் ஆபரேஷன்.' பதினொன்றில் ஒன்றை மட்டும் அவரால் விசாரிக்க முடியவில்லை. மற்ற பத்திலும் சொல்லப்பட்டது உண்மை.

நீ கேட்ட கேள்விக்கு விடை பின்பக்கத்தில் ஒரு மாதமாக இருந்திருக்கிறது. யாரும் பொய் சொன்னவனை, தெரியாமல் பேசினவனை மைனா விட்டான் என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் பேசாமல் இருப்பதை ஒருவன் பேசிவிட்டால்தான் அந்தச் சொல் வருகிறது. என் பதிவு தப்பு. சான்றைப் பார்க்காமல் எழுதிய பதிவு.

இதை எழுதிவிட்டேன். இப்போது நான் ஏன் பயப்படுகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜூனில் முதன்மையாசிரியர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது நான் என்று பேச்சு. எங்கள் அறக்கட்டளைக் குழுவில் ஏழு பேர். அதில் ஒருவர் அந்தக் கண்காணிப்பாளர். ஓய்வுக்குப் பின் ஊர்ப் பெரிய மனிதராகிவிட்டார். புதுப் பதிவுகளை ஏப்ரல் கடைசியில் குழுவின் முன் படிக்க வேண்டும். படிக்க வேண்டியவன் நான்.

பொருளை மாற்றிவிடுகிறேன். பிறந்த கதையை மட்டும் விட்டுவிடலாமா? 'தோற்றம் தெரியவில்லை' என்று போட்டுவிடலாம். அகராதியில் அப்படி நிறைய உண்டு.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

தோற்றம் தெரியவில்லையா? பெற்றவன் கல்லுக்குண்டு போல உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு அப்பன் பேர் தெரியவில்லை என்று எழுதுவானாம்.

டீச்சர் வந்தார். திங்கட்கிழமை பதினொரு மணி வண்டியில் இறங்கி, நேராக என் கண்ணாடி அறைக்கு வந்து, குடையைக் கதவில் மாட்டிவிட்டு, "நீங்கதான மைனா?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பேரை மரியாதையோடு கேட்டது அன்றுதான். ஷிஃப்ட் முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே நான் வண்டிகளை அறிவித்தேன், அவர் எழுதினார். தேதி கேட்டார், கிழமை கேட்டார். ஏழு தடவையும் எந்தெந்த நேரம் என்று கேட்டார். சொன்னேன். நோட்டு போனாலும் எனக்கு மறக்கவில்லை. "ரெண்டாவது சாட்சி வேணுமே" என்றார். லிஃப்ட்காரரின் மனைவி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அந்த அம்மா இப்போது பள்ளிச் சீருடை தைக்கிறார். நான் இந்த ஊருக்கு வந்ததே அவர் இங்கே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டதால்தான், அது உனக்குத் தெரியாது. மெஷினை நிறுத்தாமலே டீச்சருக்குப் பதில் சொன்னார். "அன்னிக்கு அந்தக் கூட்டத்துல எனக்காகப் பேசுனது இவங்க மட்டும்தான். எல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்கு விளங்கல. என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடறப்பகூட அந்தக் கயித்தைப் பத்தித்தான் சொல்லிட்டிருப்பாரு."

உன்னிடம் கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வார்த்தையை நினைத்து நான் வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. பதினோரு சீட்டையும் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அந்த மருமகள், அந்த ஜூனியர், கோல் கீப்பர், எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் போல் இருந்தது. கேலியாகவே சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறையாது. ஆனால் அகராதியில் பொய்யாக ஏறக் கூடாது.

நாற்காலி வேண்டுமென்றால் உட்கார்ந்துகொள். ஆனால் குழுவின் முன் படிக்கிற அன்று பிறந்த கதையோடு நீ படிக்காவிட்டால் நான் வந்து படிப்பேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மைக்கே வேண்டாம், தெருக்கோடி வரை கேட்கும்.

மைனா


மே 2

தங்கைக்கு,

நீ வரவில்லை. கடைசி நிமிஷம் வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ வந்து பேசிவிட்டால் நான் தப்பிக்கலாம் என்று. வேண்டுமென்றேதான் வரவில்லை, இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். மாடியில் நீள மேஜை, ஏழு பேர், முதன்மையாசிரியர், மூலையில் டீச்சர். நான் நின்றுகொண்டு அகர வரிசையில் படித்துக்கொண்டே போனேன். மகர வரிசை வந்ததும் தண்ணீர் குடித்தேன். படித்தேன்:

மைனா விடு (வினை, பேச்சு வழக்கு): எல்லோரும் அறிந்தும் எவரும் சொல்லாத உண்மையைப் பலர் முன் சொல்லிவிடுதல், அதனால் சபை மரியாதையை மீறியவராகக் கருதப்படுதல். [ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இயக்குநரான பெண்ணின் செல்லப் பெயரிலிருந்து. இரங்கல் கூட்டமொன்றில் அவர் சொன்ன உண்மையைக் கேலியாக்க அவருடைய உறவினர் பயன்படுத்தியது.]

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். வயதாகிவிட்டது, ஆனால் அதே குரல். "இது கொச்சை. அகராதிக்கு இதெல்லாம் எதுக்கு? அடிச்சிடுங்க" என்றார். முதன்மையாசிரியர், "சான்று பதினொண்ணு இருக்கு சார்" என்றார். "சொல்லுக்குத்தானே சான்று? அந்தக் கதைக்கு என்ன சான்று? யாரோ ஒரு ஆஸ்பத்திரி, யாரோ ஒரு பொம்பளை" என்றார் அவர்.

டீச்சர் பையைத் திறந்தார். நான் கை காட்டி நிறுத்திவிட்டேன்.

"சார், அந்த உறவினர் நான்தான். அவ என் தங்கச்சி. அந்த இரங்கல் உரையை எழுதினது நான். 'சிறு கவனக்குறைவு'ன்னு போடச் சொன்னது நீங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிறுத்தினால் திரும்பப் பேச்சு வராது என்று தெரிந்தது. அதனால் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "கூட்டம் முடிஞ்ச அன்னிக்குச் சாயந்தரம் போர்டு நோட்டை எடுத்துட்டு வந்து உங்க மேஜைல வெச்சதும் நான்தான் சார். எடுத்துட்டு வரும்போது பாத்தேன். ஏழு தடவையும் எழுதியிருந்தது."

இதை நீ இந்தக் கடிதத்தில்தான் முதல் தடவையாகப் படிக்கிறாய். மார்ச்சிலிருந்து இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றிலும் இந்த வரியை எழுதி எழுதி அடித்தேன். ஏழு பேர் முன்னால் சொல்ல வந்தது, உன் ஒருத்திக்கு எழுத வரவில்லை.

சொல்லிவிட்டு நிற்கிற அந்த நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஓடிவந்து, இவன் அசடு சார் என்று சொல்ல மாட்டார்களா என்றுகூட ஒரு கணம் இருந்தது. யாரும் வரவில்லை. டீச்சர் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் எழுந்து போய்விட்டார். முதன்மையாசிரியர் மேஜையைத் தட்டி, "பதிவு நிக்கட்டும். அடுத்தது" என்றார். நான் 'மொக்கை' படித்தேன்.

அடுத்த முதன்மையாசிரியர் வெளியிலிருந்து வருகிறார். எனக்கு ஔ எழுத்தைத் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். மூன்று நாளில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்குகிறேன், அது உண்மை.

அச்சுப்பிரதியின் அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


மே 9

அண்ணா,

நோட்டை எடுத்தது நீதான் என்று அப்போதே நினைத்தேன். போர்டு அறைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது, என்னிடமும் உன்னிடமும். ஆனாலும் நினைப்பதும் உன் கையெழுத்தில் பார்ப்பதும் ஒன்றில்லை. அந்தப் பாராவைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போனேன். ஐந்தாம் நடைமேடை வண்டியை மூன்றாம் நடைமேடையில் வரும் என்று அறிவித்துப் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ பேசியதற்கு நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தால், இல்லை. பத்தொன்பது வருஷம் தாமதம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் இவ்வளவு தாமதமாக வருகிற வண்டிக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், ஏறி உட்காருவார்கள். நான் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் இப்போதைக்கு.

அச்சுப்பிரதியை லிஃப்ட்காரரின் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல அவரு எங்கம்மா இருக்காரு?" என்றார்.

பிறகு அவரே, "இது உங்க வார்த்தை. நல்லா இருக்கு, வெச்சுக்கோங்க. அவர் மேல இருக்கிற வார்த்தையை யாரு எடுக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காலர் வைத்துத் தைத்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டு மாதமாக நானும் நீயும் என் பேருக்காக மல்லுக்கட்டியிருக்கிறோம்.

ஆகவே சண்டை முடியவில்லை, இடம்தான் மாறுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். லிஃப்ட்காரரின் கோப்பிலிருந்து கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கி, ஏழு முறை எச்சரித்தார் என்று எழுத வேண்டும். மூன்று பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த அம்மா போட்டுவிட்டார். நான் போட்டுவிட்டேன். மூன்றாவது இடம் உனக்கு. டீச்சர் தன் குறிப்புகளைச் சேர்த்துத் தருகிறார். அவர்கள் கோப்பு கிடைக்கவில்லை என்பார்கள், காலம் கடந்துவிட்டது என்பார்கள், கண்காணிப்பாளர் ஆள் அனுப்புவார். அனுப்பட்டும். எனக்கு இன்னும் பதினோரு நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது, தினமும் போய் வாசலில் நிற்பேன்.

போட மனமில்லை என்றால் அந்த இடத்தை வெற்றாக விட்டுத் திருப்பி அனுப்பு. காரணம் எழுதாதே. உன் காரணங்களெல்லாம் நன்றாக எழுதப்பட்டிருக்கும்.

தங்கை


மே 14

தங்கைக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனுவைக் கொடுக்கப் போகிற நாளைச் சொல், நானும் வருகிறேன்.

இரண்டாம் பாராவில் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். நீ, 'இரங்கல் உரையில் கவனக்குறைவு என்று எழுதப்பட்டது' என்று விட்டிருந்தாய். அதை அடித்துவிட்டு, 'எழுதினேன்' என்று போட்டிருக்கிறேன்.

அண்ணன்